தூண்டில் மூட்டைப் பதார்த்த விசாரம்

ஆராய்ச்சிக்கு உட்படாத பொருள் என்று ஒன்று தமிழ்நாட்டில் மிஞ்சியிருக்கிறதா என்பதே சந்தேகம். கபாடபுரம் கடலுக்குள் எத்தனை காதம் போயிற்று என்பதற்கும், வள்ளுவர் பிறந்த ஆண்டு யாது என்பதற்கும், தோசை முந்தியதா அடை முந்தியதா என்பதற்கும் பக்கம் பக்கமாக எழுதி, மறுப்பும் மறுப்புக்கு மறுப்பும் கண்டு, ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்ட பெரியோர் நம்மிடையே உண்டு. ஆயினும், கோடைக்காலத்தில் ஆற்றில் மிதந்தபடியே தூண்டில் போடப் புறப்படும் ஒருவன் தன் மூட்டையில் எதை எதை வைத்துக் கட்டவேண்டும், எதை விட்டுவிடவேண்டும் என்பதைப் பூர்வபட்சம் கூறி, அதை மறுத்து, சித்தாந்தம் நிறுவி விளக்கிய நூல் ஒன்றேனும் நம் மொழியில் என் கண்ணுக்கு அகப்படவில்லை. அக்குறையைப் போக்கும் பொருட்டே, அதற்குரிய தகுதி யாதும் இல்லாதவனாயினும், ஒரே ஒரு முறை அவ்வாறு போய்வந்தவன் என்ற அனுபவ பலத்தைக் கொண்டு இவ்விசாரத்தைத் தொடங்குகிறேன்.

ஆங்கிலேயர் இத்துறையில் நமக்கு முந்திக்கொண்டனர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தூண்டிற்கலையைப் பற்றிய அவர்களுடைய முதல் அச்சுநூல் 1496-ல் வெளிவந்தது. ஊசியை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி வளைத்து முள் செய்யும் முறையெல்லாம் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. அதை இயற்றியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற மாதரசி என்பது பரம்பரைச் செய்தி. அதையும் மறுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதிலிருந்து அந்நாட்டிலும் ஆராய்ச்சி நன்றாகவே நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். 1653-ல் ஐசக் வால்டன் எழுதிய நூலோ அவர்களுக்கு வேதம் போன்றது. எனினும் மூட்டை என்னும் விஷயத்தை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் 1889-ல் படகுப் பிரயாண நூல் எழுதிய ஜெரோம் கே. ஜெரோம் ஒருவரே. தேம்ஸ் நதியில் போகப் புறப்பட்ட மூன்று நண்பர்கள் எழுதிய முதல் ஜாபிதாவில் கண்ட சாமான்களை ஏற்றவேண்டுமானால் அதற்கு வேண்டிய பெரிய படகு அந்த நதியின் மேற்பகுதியில் செல்லாது என்று கண்டு, அந்த ஜாபிதாவைக் கிழித்துப் போட்டார்கள் என்பதும், அத்தனை யோசனைக்குப் பிறகும் அன்னாசிப்பழ டப்பியைத் திறக்கும் கருவியை மறந்து, நடு ஆற்றில் அந்த டப்பியோடு மல்லுக்கட்டினார்கள் என்பதும் அந்நூலில் காணப்படும். இவ்விரண்டு சம்பவங்களுக்கும் இடையே உள்ள தத்துவச் சம்பந்தத்தை அவர் நகைச்சுவையாக விட்டுவிட்டாரேயன்றி ஆராய்ந்து நிலைநாட்டவில்லை. அதை நிலைநாட்டுவதே என் நோக்கம்.

முதலில் சொற்பொருள். 'மிதந்தபடி மீன் பிடித்தல்' என்னும்போது மிதப்பது யார் என்பதில் இரு கட்சிகள் உள. ஆள் கரையில் குந்தியிருக்க, நீரில் தக்கை மட்டும் மிதப்பதே போதும் என்பார் ஒரு சாரார். ஆளும் சேர்ந்து மிதந்தாலன்றி அது மிதவை ஆகாது என்பார் மற்றொரு சாரார். பின்னவரையே மிதவாதிகள் என்று குறிப்பிட நினைத்தேன். ஆனால் 1907-ல் சூரத் காங்கிரஸில் செருப்புப் பறந்த காலத்திலிருந்து அச்சொல் வேறொரு கூட்டத்தாருக்குப் பாத்தியமாகிவிட்டபடியால், அவர்களைப் பரிசல் கட்சியார் என்றே அழைப்போம். அக்கட்சியின் அங்கத்தினன் என்ற முறையில் என் ஆராய்ச்சிக்களமாக நான் தேர்ந்துகொண்டது ஒகேனக்கல். 'ஹொகெ' என்றால் கன்னடத்தில் புகை. விழுகின்ற நீர் திவலையாய் எழும்பிப் புகைபோல் தோன்றுவதால் புகையும் கல் என்ற பொருளில் அப்பெயர் வந்தது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது தர்க்க சாஸ்திரத்தின் முதற்பாடம். அந்த அனுமானம் ஒகேனக்கல்லில் செல்லாது என்பதை அங்கே தீப்பெட்டி இல்லாமல் போய் நின்ற பிறகே நான் உணர்ந்தேன். அது பின்னால் வரும்.

காலமோ கோடை. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாளாகிய ஜூன் 12-க்கு இன்னும் மூன்று வாரங்கள் இருந்தன; ஆறு மெலிந்து, பாறைகள் முதுகு காட்டி, மடுக்களில் மட்டும் நீர் கறுத்து ஆழ்ந்திருந்த சமயம். உடன் வந்த தமிழாசிரிய நண்பர், வேனிலும் நண்பகலும் பாலைத் திணைக்குரியவை, பாலையின் உரிப்பொருள் பிரிவு. மீன்பிடித்தலோ நெய்தலின் தொழில், நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். ஆகவே கோடை நண்பகலில் மீன் பிடிக்கப் போவது திணைமயக்கம், அதன் பயன் முதலில் பிரிவும் பிறகு இரங்கலுமே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் இலக்கணமாகச் சொன்னதை நான் சோதிடமாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இனி விசாரம். வைசேஷிகர் உலகிலுள்ள யாவற்றையும் ஏழு பதார்த்தங்களுள் அடக்குவர்: திரவியம், குணம், கர்மம், சாமானியம், விசேஷம், சமவாயம், அபாவம். நம் வீடுகளிலோ பதார்த்தம் என்றால் கறி, கூட்டு, வறுவல். இவ்விரு வழக்குகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமற்றவை என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். மீன்பிடிக்கப் போகிறவனுடைய மூட்டையில் இரண்டும் ஒன்றாய்க் கலந்துவிடுகின்றன என்பதும், அக்கலப்பிலிருந்தே இக்கட்டுரையின் கடைசிச் செய்தி பிறக்கிறது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

திரவியம் முதலாவது. இது சாஸ்திரத்தில் ஒன்பது வகைப்படும். கடையில் ஒரே வகைதான், அதையும் ரொக்கமாகத் தரவேண்டும். மூங்கிற் கழி ஒன்று, நரம்பு ஒரு சுருள், முள் ஒரு டஜன், ஈயக்குண்டு ஒரு பிடி, தக்கை இரண்டு. இவற்றுள் நரம்பு என்ற பெயர் கவனிக்கத்தக்கது. 1938-ல் அமெரிக்காவில் நைலான் என்ற செயற்கை இழை உலகுக்கு அறிவிக்கப்பட்டுச் சிறிது காலத்துக்குள் தூண்டிற் கயிறாகவும் புறப்பட்டது. அதில் எந்தப் பிராணியின் நரம்பும் இல்லை; ஆயினும் நம்மவர் அதற்கு நரம்பு என்றே பெயரிட்டனர். மீனின் நரம்பைத் தொடுவதால் நரம்பு என்பது ஆகுபெயராகலாம் என்றார் தமிழாசிரியர். சிக்கல் விழுந்தால் அவிழ்ப்பவனுடைய நரம்பெல்லாம் தளர்ந்துவிடுவதால் அப்பெயர் வந்தது என்பது என் கட்சி.

தக்கையைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். ஏனெனில் மூட்டை முழுவதிலும் தத்துவப் பொருள் என்று சொல்லத்தகுந்தது அது ஒன்றே. நெட்டியிலும் செய்வதுண்டு, மயிலிறகின் காம்பை நறுக்கியும் செய்வதுண்டு, பின்னது மெல்லிய அசைவையும் மறைக்காமல் சொல்லிவிடும். அதன் இயல்பைச் சூத்திரமாகச் சொல்வதானால், ஈயம் மிகின் மூழ்கும், குறையின் படுக்கும், அளவின் நிற்கும் என்க. அதாவது, முள்ளுக்கு மேலே கோக்கும் ஈயம் தக்கையை அமிழ்த்திவிடாமலும், அதே சமயம் அதைச் சும்மா படுத்துக் கிடக்க விடாமலும், நுனி மட்டும் தெரியச் செங்குத்தாக நிறுத்தும் அளவில் இருந்தால், ஒரு சிறு கெண்டை வந்து இரையை மோந்தாலும் அந்த நுனி நடுங்கும். தன் பாரம் முழுவதையும் நீருக்குள் மறைத்துக்கொண்டு துளியளவே வெளியில் காட்டும் இந்த நிலையை மூன்று மணி நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு ஞானம் வரும் என்று சொல்லுகிறார்கள். எனக்குத் தலைவலி வந்தது.

குணம், கர்மம் என்ற இரண்டையும் ஒரு குடையைக் கொண்டே முடித்துவிடலாம். கோடை வெயிலுக்குக் குடை அவசியம் என்று ஜாபிதாவில் முதலாவதாக எழுதியவன் நான். பரிசல் என்பது வட்டமானது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, அடிக்கட்டையும் இல்லை. மூங்கிற் பிளாச்சுகளைக் கூடைபோல் முடைந்து, முற்காலத்தில் தோலும் இக்காலத்தில் பிளாஸ்டிக் படுதாவும் போர்த்தித் தார் பூசியது. ஓட்டி முழந்தாளிட்டு, துடுப்பைத் தன் பக்கமாக வலித்து இழுத்தாலன்றி அது நேரே போகாது. விட்டால் தன்னைத் தானே சுற்றத் தொடங்கும். அப்படிப்பட்ட ஓடத்தின் நடுவே ஒருவன் குடையை விரித்தால், குடைக்குக் குணம் நிழல்தருதல், கர்மமோ பாய்மரத்தின் கர்மம். மலையிடுக்கில் ஒரு காற்று வந்தது. நாங்கள் மூவரும் பரிசலோட்டியும் நான்கு மூட்டைகளும் திரிகைபோல் சுழன்றோம். "முன்னால இருக்கிற பையை எடுங்க மச்சான்" என்று என் மைத்துனன் கூவினான். சுழலும் வட்டத்தில் முன் எது, பின் எது? பரிசலுக்கு மூட்டை கட்டுகிறவர்கள் 'முன் பை', 'பக்கப் பை' முதலிய இடவேற்றுமைகளை அடியோடு கைவிட்டு, எல்லாவற்றையும் நடுவில் ஒரே கட்டாகக் கட்டி, அதுவும் அடியில் கசிந்து தேங்கும் தண்ணீர் படாதபடி ஒரு பலகைத் துண்டின்மேல் வைப்பதே சரி என்பது அன்று நாங்கள் சுழன்று கண்ட முடிபு. "கருமம், அந்தக் கொடைய மடக்குங்க சாமி" என்றார் பரிசலோட்டி. வைசேஷிகத்தில் மூன்றாம் பதார்த்தத்துக்கு இவ்வளவு சுருக்கமான விளக்கத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இவ்விடத்தில் பரிசலின் பழமையைக் குறித்துச் சிறிது சொல்லாமல் மேலே போவது ஆராய்ச்சி மரபுக்கு ஒவ்வாது. சுமார் 1520-ல் விஜயநகரத்தைக் கண்ட போர்த்துக்கீசியர் டோமிங்கோ பயஸ், கூடைபோல் வட்டமாக உள்ளே பிரம்பும் வெளியே தோலுமாகச் செய்த ஓடங்களில் ஜனங்கள் ஆற்றைக் கடப்பதை வியந்து எழுதியிருக்கிறார். அவருக்கும் இரண்டாயிரம் ஆண்டுகள் முன்னே, கி.மு. 5-ஆம் நூற்றாண்டில், கிரேக்கராகிய ஹெரோடோட்டஸ் பாபிலோனில் கண்ட அதிசயங்களுள் நகரத்துக்கு அடுத்தபடி பெரிய அதிசயம் என்று சொன்னதும் இத்தகைய ஓடத்தையே. ஆர்மீனியாவில் மரச்சட்டம் கட்டி, தோல் போர்த்து, கேடயம்போல் வட்டமாகச் செய்து, சரக்கேற்றி ஆற்றோடு இழிந்து வருவார்களாம். ஓடம் ஒவ்வொன்றிலும் ஒரு கழுதை கட்டாயம் இருக்கும். பெரிய ஓடமாயின் பல கழுதைகள். பாபிலோன் சேர்ந்ததும் சரக்கையும் சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலைக் கழுதையின் முதுகிலேற்றிக்கொண்டு தரை வழியாக ஊர் திரும்புவார்கள். ஆற்றின் வேகத்தை எதிர்த்து அந்த ஓடம் ஏறாது.

மூட்டை சாஸ்திரத்தின் சரித்திரத்தில் இதைவிட மேலான வாக்கியத்தை நான் படித்ததில்லை. நீரோடு போவது எவர்க்கும் எளிது. திரும்பி வருவதைப் புறப்படும்போதே நினைத்து அதற்குரிய கழுதையை ஏற்றிக்கொண்டவர்கள் அவர்கள். எங்கள் நான்கு மூட்டைகளிலும் போகும்போது வேண்டியவை இருந்தன. வரும்போது அவற்றைச் சுமக்க ஒன்றும் இல்லை. மாலையில், பரிசலோட்டி தம் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் போட்டுக்கொண்டு ஆமைபோல் பாறை வழியே நடக்க, அவர் பின்னே நாங்கள் ஆளுக்கொரு மூட்டையும் நான் மட்டும் இரண்டுமாகச் சுமந்து ஏறியபோது, ஹெரோடோட்டஸ் சொன்ன பிராணி எங்கள் பயணத்தில் இல்லாமற் போகவில்லை என்று தமிழாசிரியர் பொதுவாகச் சொன்னார்.

சாமானியம், விசேஷம் என்ற இரண்டில், சாமானியத்துக்கும் சாமானுக்கும் உறவு உண்டென்று ஒரு பக்கம் எழுதிவைத்திருந்தேன். முன்னது வடசொல், பின்னது பார்சீகச் சொல் என்று தெரிந்தபின் அப்பக்கத்தை வருத்தத்தோடு நீக்கினேன். விசேஷம் என்பது துரைமார்களுடைய மூட்டை. சென்னை மாகாணத்து சிவில் உத்தியோகஸ்தராயிருந்த எச். எஸ். தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டிலைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதினார். காவிரியில் 1919-ல் ரிவெட் கார்னாக் என்ற மேஜர் பிடித்த மகசீர் மீன் 119 பவுண்டு. 1946-ல் மைசூர் வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் கபினியில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. மீனே ஒரு மூட்டை! அந்தக் கூன்முதுகு மகசீருக்கு விஞ்ஞானப் பெயர் எது என்பதுகூட நெடுங்காலம் நிச்சயமாகாமல் இருந்து, 2018-ல்தான் தீர்ந்தது. தீர்ந்த அந்த ஆண்டிலேயே, அடியோடு அழிந்துபோகும் அபாயத்திலுள்ள மீன்களின் வரிசையிலும் அது சேர்க்கப்பட்டது. பெயர் கிடைத்த வேளையில் ஆள் போய்க்கொண்டிருக்கிறார். ஆகையால் இக்காலத்துத் தூண்டிற்காரன் மூட்டையில் முதலில் வைக்கவேண்டியது உரிய இலாகாவின் அனுமதிச் சீட்டு. பரிசலில் ஏறுமுன் மேலே மாட்டவேண்டியது உயிர்காப்புச் சட்டை. அச்சட்டை ஒன்றுதான் நாங்கள் யோசித்து எடுத்துவராத சாமான். துறையிலேயே கொடுத்து மாட்டச் செய்கிறார்கள். அன்றைய சாமான்களில் ஒழுங்காக வேலை செய்ததும் அது ஒன்றே.

சமவாயம் என்பது பிரிக்கமுடியாத சேர்க்கை. நூலும் துணியும் போல, குணமும் குணியும் போல என்பர். தூண்டில் முள்ளும் என் வேட்டியும் போல என்று மூன்றாவது உவமையைச் சேர்க்கிறேன். முள்ளுக்கு நுனியருகே ஓர் எதிர்நாக்கு உண்டு. போவதை அது தடுக்காது, வருவதை விடாது. முட்களைக் காகிதத்தில் சுற்றி மடியில் வைக்கலாகாது, பழைய தைலச் சிமிழில் போட்டு மூடவேண்டும் என்பதை இதற்குமேல் விரித்துரைக்க என் உடல்நிலை இடந்தரவில்லை.

இனி ஏழாவதாகிய அபாவம், அதாவது இன்மை. கணாத முனிவர் ஆறு பதார்த்தங்களோடு நிறுத்திக்கொண்டாரென்றும், இன்மையையும் ஒரு பொருளாகப் பின்வந்தோரே சேர்த்தனரென்றும் சொல்வர். இல்லாததை எப்படிப் பொருள் என்று எண்ணலாம் என்று இதற்கு ஆட்சேபம் கிளப்பியவர்கள் யாவரும் ஒருநாளாவது தீப்பெட்டி இல்லாமல் ஆற்றங்கரையில் நின்றிருந்தால் வாய் திறந்திருக்கமாட்டார்கள். நெற்றியில் அடித்துக்கொள்ளும்போது கைக்கு மெய்யாகவே தட்டுப்படும் பொருள் இன்மை ஒன்றே. அதனை நால்வகையாகப் பகுப்பர்.

முன்னின்மை என்பது ஒரு பொருள் உண்டாவதற்கு முன் இல்லாதிருத்தல். மீன் இவ்வகை. மண்பானை வனைவதற்கு முன் இல்லை, வனைந்தபின் உண்டு. அதுபோலப் பிடிப்பதற்கு முன் மீன் இல்லை. நான் மசாலாப் பொட்டலம், எண்ணெய்ப் புட்டி, இரும்புச் சட்டி, எலுமிச்சம்பழம் நான்கு ஆகியவற்றைக் கொண்டுபோனது இந்த முன்னின்மைக்கு ஒரு நாள் முடிவு உண்டு என்ற சாஸ்திர நம்பிக்கையால்தான். அழிவுபாட்டின்மை என்பது இருந்து பின் இல்லாமற்போதல். தமிழாசிரியருடைய மூக்குக்கண்ணாடி குடை விரித்த சுழற்சியில் இவ்வகையாயிற்று. முழுதுமின்மை என்பது முக்காலத்திலும் இல்லாமை, முயற்கொம்பு உதாரணம். எங்கள் தீப்பெட்டியை இதில் அடக்கலாகாது. ஏனெனில் அது வீட்டில் கூடத்து மாடத்தில் இருந்தது. இங்கே இல்லை, அங்கே உண்டு என்பதை எவ்வகையில் சேர்ப்பது என்பதில் எனக்கும் தமிழாசிரியருக்கும் வாதம் நடந்துகொண்டிருக்கையில், பரிசலோட்டி தம் முண்டாசைத் தளர்த்தி, அதிலிருந்து பீடியும் தீப்பெட்டியும் எடுத்து, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, தீப்பெட்டியை மறுபடி முண்டாசுக்குள் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

அவருடைய சாமான்களை நான் அப்போதுதான் கவனித்தேன். துடுப்பு. முண்டாசு, அதனுள் மேற்படி இரண்டு. இடுப்பில் ஒரு கத்தி. மடியில் உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த ஒரு சிறு பொட்டலம். கட்டைவிரலில் சுற்றிய நரம்பும் அதன் நுனியில் ஒரு முள்ளும். கழியும் இல்லை, தக்கையும் இல்லை. "விரலுதாங்க தக்கை" என்றார். மூன்றாம் பதார்த்தத்தை அவர் ஒரு வார்த்தையில் முடித்தது போலவே முதற்பதார்த்தத்தையும் முடித்துவிட்டபடியால், என் நெட்டித் தக்கையை நான் மௌனமாக மடியில் வைத்துக்கொண்டேன். மத்தியான்னத்துக்குள் அவர் இரண்டு கெளுத்தியும் ஒரு ஜிலேபிக் கெண்டையும் எடுத்துவிட்டார். பின்னது இந்நாட்டுக்கு 1952-ல்தான் குடிவந்த அன்னிய மீன். ஆகவே அது உள்ளூர்க்காரரிடம் அகப்பட்டதை நான் ஒரு வெற்றியாகக் கருதவில்லை.

இவ்வனுபவங்களிலிருந்து யான் கண்ட சித்தாந்தத்தை ஒரு சூத்திரமாக்கி வைக்கிறேன்: 'மறந்தது எதுவோ அதுவே அவசியம்.' என்பது என் நுதலிற்றோ எனின், மூட்டையினுள் இன்றியமையாத பொருள் இன்னதென உணர்த்துதல் நுதலிற்று. 'எதுவோ' என்புழி ஓகாரம் ஐயப்பொருட்டு. புறப்படுமுன் அது இன்னதென அறியப்படாமையின். 'அதுவே' என்புழி ஏகாரம் தேற்றப்பொருட்டு. போய்ச் சேர்ந்தபின் அதில் ஐயமின்மையின். ஆகவே ஒரு பொருள் மூட்டையில் இருக்கும்வரை அவசியமாவதில்லை. மூட்டையைவிட்டு நீங்கிய கணத்தில்தான் அதற்கு அவசியம் என்னும் தன்மை உண்டாகிறது. நாங்கள் தீப்பெட்டியை எடுத்துவந்து சட்டியை மறந்திருந்தால் சட்டியே அவசியமாகியிருக்கும். இதனால், அத்தியாவசிய சாமான்களின் ஜாபிதாவை முன்கூட்டி எழுதுவது தர்க்க ரீதியாக அசம்பவம் என்பது பெறப்படும். ஜெரோம் தம் ஜாபிதாவைக் கிழித்ததற்கும் டப்பி திறக்கும் கருவியை மறந்ததற்கும் உள்ள சம்பந்தமும் இதுவே.

நான்காம் வகையை இறுதிக்கு வைத்தேன். ஒன்றினொன்றின்மை என்பது, குடம் ஆடையன்று, ஆடை குடமன்று என ஒன்றில் மற்றொன்று இல்லாமை. இது மிக எளிய வகையென்றும், இதில் மயங்குவார் ஒருவரும் இலரென்றும் நான் கருதியிருந்தேன். காவிரியின் இந்தப் பகுதியில் பெருமீனுக்குக் கேழ்வரகு மாவை வேகவைத்துக் கெட்டியாக உருட்டிய உருண்டையே பேர்பெற்ற இரை. தர்மபுரிப் பக்கத்தில் மனிதர்க்கும் கேழ்வரகுக் களியே பேர்பெற்ற உணவு. ஆகவே என் மனைவி முதல்நாள் இரவு ஒரே அடுப்பில் இரண்டையும் கிண்டி, இரண்டு தூக்குகளில் போட்டு, "ஏங்க, மூடி நெளிஞ்சது மீனுக்கு, நல்லது உங்களுக்கு, மாத்திப்புடாதீங்க" என்று சொன்னாள். வெறும் நெளிசலை நம்பி ஆராய்ச்சி நடத்தலாகாது என்று, தமிழாசிரியரைக் கொண்டு இரண்டிலும் காகிதச் சீட்டு எழுதி ஒட்டச் செய்தேன். அவர் ஒன்றில் 'இரை' என்றும் மற்றொன்றில் 'உணா' என்றும் எழுதினார். பரிசலின் அடியில் தேங்கிய நீரில் இரண்டு சீட்டுகளும் ஊறி உரிந்து, மிதவைகளாயின. மூடிகளில் எது நெளிந்தது என்று பார்க்கலாமென்றால், மூட்டைகளின்மேல் என் மைத்துனன் உட்கார்ந்து வந்ததில் இரண்டுமே நெளிந்திருந்தன.

பசி வேளையில் ஒரு தூக்கைத் திறந்தோம். களி வழக்கத்தைவிட விறைப்பாக இருந்தது. கீரைக் கடைசலை ஊற்றியும் அது இளகவில்லை. உப்பு என்பதோ முழுதுமின்மை. சாஸ்திரம் இவ்வளவு தெரிந்தவன் வீட்டில் உப்புப் போட மறந்தார்களே என்று என் மைத்துனன் தன் அக்காளைக் குறைகூறினான். அபாவத்தின் பெருமைக்கு அதுவும் ஓர் உதாரணம் என்று நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மற்ற தூக்கிலிருந்த உருண்டைகளை முள்ளில் கோத்துப் போட்டோம். அவை குழைவாக இருந்தபடியால் நீரில் பட்டவுடன் நெகிழ்ந்து கழன்றன. தக்கை நடுங்கும், இழுத்தால் முள் வெறுமையாக வரும். மாலைவரை ஒரு தூக்கு முழுவதும் இவ்வாறே செலவாயிற்று. காவிரி மீன்களின் சாமர்த்தியத்தைக் குறித்துத் திரும்பும் வழியில் மூவரும் மிகவும் சிலாகித்துப் பேசினோம்.

இரவு வீடு சேர்ந்ததும், களியில் உப்பில்லாததை நான் நயமாகவே எடுத்துச் சொன்னேன். அவள் இரண்டு தூக்குகளையும் வாங்கி, இரண்டையும் மோந்து பார்த்து, ஒன்றின் ஓரத்தில் ஒட்டியிருந்த பருக்கையை நாவில் வைத்துப் பார்த்தாள். மனிதர்க்கென்று கிண்டிய களியில் உப்புச் சரியாகவே போட்டிருந்தாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது பழமொழி. ஒகேனக்கல்லுக்குக் கீழே உள்ள மீன்கள் அன்று மாலைக்குள் எங்கள் வீட்டு உப்பை ஒரு தூக்கு நிறையத் தின்று தீர்த்தன. அவற்றுள் ஒன்றுகூட இன்றுவரை எங்களை நினைத்ததாகத் தெரியவில்லை.